ஜன்னலுக்கு வரும் பாட்டில்கள்

தையல்காரியின் வாயில் குண்டூசிகள் இருக்கும்போது அவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பிரயோசனம் இல்லை. உதடுகளுக்கு நடுவே நாலைந்து ஊசிகளைக் கவ்விக்கொண்டு, நிற்பவரின் காலடியில் குந்தி உட்கார்ந்து, கால்சட்டையின் விளிம்பை மடித்து மடித்துக் குத்திக்கொண்டே போவாள். "ம்", "ம்ஹூம்" இரண்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதனால் நிற்பவர்கள்தான் பேசுவார்கள். பொழுது போகவேண்டுமே.

அன்று மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்படி நின்று பேசிக்கொண்டிருந்தவன் களைக்கொல்லி அடிக்கிறவன். தண்டவாளத்து ஓரம் புல் பூண்டு இல்லாமல் வைத்திருக்கும் காண்ட்ராக்டரிடம் புதிதாகச் சேர்ந்தவன். அவனுக்குக் கொடுத்த சீருடை அவனைவிட ஒரு சாண் நீளம்.

"எனக்கு முன்னால இருந்தவன் ஒட்டகச்சிவிங்கி போலக்கா. நடந்தா பேண்ட் முன்னால போகுது, நான் பின்னால போறேன். முந்தாநாள் சாயங்காலம் பாருங்க, கூட்ஸ் யார்டு பின்பக்கம் மருந்தடிச்சிட்டு இருக்கேன், கால் தடுக்கி கேனோட விழப் பார்த்தேன். விழுந்திருந்தா மொத்த மருந்தும் என் தலையிலதான்."

தையல்காரியின் கை நின்றது.

"இந்தக் கால் முடிஞ்சதாக்கா? அந்தக் காலைக் காட்டவா?"

அவள் ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். துப்பியதில் ஒன்று தரையில் உருண்டது. அதை அவள் எடுக்கவில்லை.

"எந்த இடம்னு சொன்னே?"

"கூட்ஸ் யார்டு பின்பக்கம். உடைஞ்ச தண்ணித் தொட்டி ஒண்ணு கிடக்குல்ல, அங்கேருந்து பாலம் வரைக்கும், கம்பி வேலி நெடுக."

"அங்க செடியெல்லாம் பச்சையாத்தானே நின்னுச்சு, நேத்து?"

"நிக்கும். அதுதான் இந்த மருந்தோட குசும்பு. நாலஞ்சு நாளைக்கு ஒண்ணுமே தெரியாது, தளதளன்னு நிக்கும். அப்புறம் வேரோட கருகும்." அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன்க்கா? அந்தப் பக்கம் காக்கா குருவிகூடப் போகாதே. உங்களுக்கு அங்க என்ன வேலை?"

"அந்தச் செடியை மனுஷங்க தின்னா என்ன ஆகும்?"

"மனுஷங்களா?" அவன் மறுபடி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கேன்ல மண்டையோடு போட்டிருக்குக்கா."

அவள் எழுந்து நின்றாள். நேற்றுக் காலை அவள் பறித்து வந்த மணத்தக்காளி முழுக்க அந்த வேலியிலிருந்துதான். அதைக் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயம், இன்று காலை மூன்று பாட்டில்களில் அவள் ஜன்னலைவிட்டுப் போயிருந்தது.

மணத்தக்காளியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, சாப்பிட நேரம் கிடைக்காத பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து தைத்தார்கள். வாயெல்லாம் புண். தண்ணீர் பட்டால்கூடக் கண் கலங்கும். பொத்தான் துளை போடுகிறவள் ஒருத்தி மட்டும் கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் போய், தானாக முளைத்திருந்த செடியிலிருந்து இலையைக் கிள்ளி மென்றுகொண்டிருப்பாள். "என்னடி இது, ஆட்டுக்குட்டி மாதிரி?" என்று கேலி செய்த தையல்காரி, ஒருநாள் வலி தாங்காமல் தானும் மென்றாள். கசந்தது. இரண்டு நாளில் வாய் ஆறியது. அன்று பிடித்த பித்துதான். கறுத்துப் பழுத்த மணிப்பழம் தின்னலாம், பச்சைக்காய் ஆகாது. இலைச்சாறு வாய்க்கும் வயிற்றுக்கும் இதம். அரைத்துத் தடவினால் தோல் அரிப்பு அடங்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தன் உடம்பிலேயே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இப்போதும் கஷாயத்தை இறக்கியதும் முதல் கரண்டி அவள் வாய்க்குத்தான்.

இந்தச் சந்துக்கு வந்து தையல் மிஷின் போட்ட பிறகு, மிஷினுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன ஜன்னல் மருந்து ஜன்னலாகவும் ஆகிவிட்டது. அதற்கு அவள் வைத்த சட்டம் இரண்டே. ஒன்று, வாங்க வருகிறவர் காலிப் பாட்டிலை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். மறுநாள் காலை நிரம்பியிருக்கும், எடுத்துக்கொள்ளலாம். யார் வைத்தது, யார் எடுத்தது என்று அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். பார்வை துணிமேல்தான். வாய்ப்புண்ணென்றால் யாரும் வெளியே சொல்வார்கள். சொல்ல முடியாத இடத்துப் புண்ணும் உண்டு, சொல்ல விரும்பாத எரிச்சலும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. இரண்டாவது சட்டம் அவளுக்கு அவளே போட்டுக்கொண்டது. செடி இருக்கும் இடத்தை ஈ காக்கைக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடுவார்கள்.

இரண்டு சட்டமும் சேர்ந்து இன்று அவள் கழுத்தைப் பிடித்தன. அவள் எங்கே பறிக்கிறாள் என்று ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும், 'அங்கே மருந்தடிக்கிறாங்க' என்று முந்தாநாளே காதில் போட்டிருப்பார்கள். யார் வாங்கிப்போனது என்று ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தாலும், இன்று யார் வீட்டுக்கு ஓடுவது என்று தெரிந்திருக்கும்.

"ஏய், கீழ வாடி!" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

மாடியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, விரலில் நூலோடு இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னென்ன பாட்டில்க்கா?"

ஆட்களைத்தான் தையல்காரி பார்ப்பதில்லை. பாட்டில்களைப் பார்க்காமல் எப்படி நிரப்புவது? "இருமல் மருந்து பாட்டில், பழுப்பு நிறம். அது கண்டக்டரோடது, மூடியில டிக்கெட் துண்டு சுத்தியிருக்கும். ஒண்ணு பிளாஸ்டிக் பாட்டில், மூடி முழுக்க ஓட்டை."

"ஓட்டையா? அப்ப இஸ்திரிக்காரர். துணிக்குத் தண்ணி தெளிக்கிற பாட்டிலு."

"மூணாவது காபித்தூள் ஜாடி. கண்ணாடி. இதுவரைக்கும் வந்ததில்ல."

"அது யாரோடது?"

தையல்காரிக்கும் தெரியவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பாதி மடித்துக் குத்திய சீருடையோடு நின்றிருந்த களைக்கொல்லிக்காரன், "அக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்றான்.

"நீ அந்தக் கேனை எங்க வச்சிருக்கியோ அங்க போய் நில்லு, தம்பி. நான் ஆள் அனுப்பினா கேனோட வா."

அவன் ஓடினான். குத்தியிருந்த ஊசிகள் கணுக்காலில் கீற, "ஆ, ஆ" என்ற சத்தம் சந்து திரும்பும்வரை கேட்டது.

இஸ்திரி வண்டி தெரு முனையில்தான். தையல்காரி மூச்சிரைக்கப் போய் நின்றபோது, இஸ்திரிக்காரர் ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்து வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டை நெடுக ஊதாப் புள்ளி.

"வாம்மா வா. உன்னைத்தான் நினைச்சேன். இது பேங்க் மேனேஜர் சட்டை. அம்மை போட்ட மாதிரி இருக்கு பாரு."

"குடிச்சீங்களாண்ணே?"

"எங்க குடிக்கிறது? ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. கஷாயத்தைத் தெளிச்சுட்டேன், தண்ணியைக் குடிச்சுட்டேன். குடிச்சப்ப நினைச்சேன், இன்னிக்கு என்ன கசப்பே இல்லையேன்னு."

அவள் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்தாள். "சட்டைக்கு யார் பதில் சொல்றது?" என்று அவர் பின்னால் கத்தினார். கஷாயத்தைச் சட்டை குடித்ததால்தான் தான் தப்பித்தோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

பஸ் நிலையத்தில் கண்டக்டரின் வண்டி வந்திருக்கவில்லை. வரவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. நேரக்காப்பாளர் அறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வண்டியும் வளைந்து உள்ளே வரும்போது நெற்றிப் பலகையைப் படித்தாள். ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் சுருண்டு விழுவது போலவும், பயணிகள் கத்துவது போலவும் மனசு காட்டிக்கொண்டே இருந்தது. தொண்டை காய்ந்தது. காய்ந்ததா, எரிந்ததா என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

வண்டி வந்தது. படியிலிருந்து கண்டக்டர் தானே குதித்து இறங்கினார். அவள் அவருடைய தோல்பைக்குள் கையை விட்டாள்.

"ஐயையோ, பட்டப்பகல்ல பையில கை விடறியேம்மா! இத்தனை பேர் பார்க்கறாங்க."

"பாட்டில் எங்கண்ணே? குடிச்சிட்டீங்களா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்தானே குடிக்கணும்? டயர் வெடிச்சு நடுரோட்டுல நின்னோம். சாப்பாடே இல்ல, கஷாயம் எங்க?" பாட்டில் மூடி திறக்கப்படாமல் இருந்தது. டிக்கெட் துண்டு அப்படியே. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன். இன்னிக்கு என் ஜன்னல்ல காபித்தூள் ஜாடியோட யாரையாவது பார்த்தீங்களா?"

"உன் ஜன்னல் பக்கம் யாரையும் பார்க்கக் கூடாதுன்னு நீதானே சொல்லி வச்சிருக்கே?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சந்துக்குத் திரும்பி வந்தபோது ஓரகத்தி வாசலிலேயே நின்றிருந்தாள். நாலு வீட்டில் நாசூக்காக விசாரித்துப் பார்த்திருக்கிறாள். ஜாடி யாரிடமும் இல்லை. அல்லது யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"கத்தித்தான் சொல்லணும்" என்றாள் தையல்காரி.

"அக்கா, அவசரப்படாதே. விஷம்னு உன் வாயாலயே சொன்னா அப்புறம் கிழிஞ்ச துணி தைக்கக்கூட ஒருத்தரும் வரமாட்டாங்க. போலீஸ் வரும்."

"பொணம் வர்றதுக்குப் பதிலா போலீஸ் வரட்டும்."

"குடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா? அனாவசியமா நம்மளே நம்ம தலையில…"

"ஆச்சுன்னா?"

தையல்காரி சந்தின் நடுவில், தண்ணீர்க் குழாய் மேடைமேல் ஏறி நின்றாள். வாழ்க்கையில் அவள் குரலை உயர்த்திப் பேசியதில்லை. வாயில் ஊசி வைத்துப் பிழைக்கிறவளுக்கு எங்கிருந்து குரல் வரும்? முதலில் கீச்சென்றுதான் வந்தது. இரண்டாவது தடவை சந்து முழுக்கக் கேட்டது.

"இன்னிக்குக் காலையில என் ஜன்னல்லேருந்து காபித்தூள் ஜாடியில கஷாயம் எடுத்துட்டுப் போனது யாரா இருந்தாலும் குடிக்காதீங்க! அதுல களைக்கொல்லி கலந்திருக்கு! விஷம்! குடிச்சிருந்தா உடனே சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

கதவுகள் திறந்தன. தலைகள் நீண்டன.

"ஒரு வழியா ஒத்துக்கிட்டாளே!"

"ஐயையோ, போன வாரம் எங்க மாமியார் குடிச்சாங்களே!"

"உங்க மாமியாருக்கு ஒண்ணும் ஆகாது. விஷத்துக்குத்தான் ஆகும்."

"சிரிக்கிற நேரமாய்யா இது? போலீஸைக் கூப்பிடுங்க."

"நான் அப்பவே சொன்னேன், குப்பை மேட்டுச் செடியைக் காய்ச்சிக் கொடுக்கறான்னு."

அவள் எல்லா வசையையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பயம் இருந்தது, கோபம் இருந்தது, வேடிக்கை இருந்தது. குடித்தவரின் முகம் மட்டும் இல்லை. யாரும் முன்னால் வரவில்லை.

ஓரகத்தி அவள் முந்தானையை இழுத்தாள். "அக்கா, ஒண்ணு கவனிச்சியா? ரேடியோ இன்னிக்கு ஓடல."

ரேடியோ என்பது எதிர்வீட்டுக்காரி. சந்து அவளுக்கு வைத்த பெயர். காலையில் கதவைத் திறக்கும்போதே தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை நிற்காது. அதில் பாதி நிகழ்ச்சி தையல்காரியைப் பற்றியதுதான். காரணம் ஒரு கோட்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ரேடியோவின் புருஷன் ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை கேட்டுப் போவதற்குத் தையல்காரி கோட்டுத் தைத்துக் கொடுத்தாள். வேலை கிடைக்கவில்லை. "கோட்டுக் கை ஒரு இஞ்சு குட்டை, கையை நீட்டினப்ப மணிக்கட்டு தெரிஞ்சது, பிச்சைக்காரன் மாதிரி இருந்துச்சு, அதான் கொடுக்கல" என்பது ரேடியோவின் கட்சி. "கை சரியாத்தான் இருந்தது, அந்த மனுஷன்தான் தேவைக்கு மேல கையை நீட்டிப் பேசியிருக்கார்" என்பது தையல்காரியின் கட்சி. புருஷன் பிறகு கப்பலில் சமையல் வேலைக்குப் போய்விட்டான்; எப்போதாவது வருவான். ரேடியோ தனியாக இருக்கிறாள். தினமும் காலையில் ஜன்னலைப் பார்த்து, "மருத்துவக் கல்லூரி திறந்தாச்சா? இன்னிக்கு எத்தனை பேரைக் கொல்லப் போறா?" என்று கேட்டால்தான் அவளுக்குக் காபி இறங்கும்.

இன்று சந்தே கூடி நின்று தையல்காரியைத் திட்டுகிறது. இதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவள் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

தையல்காரி மேடையிலிருந்து இறங்கினாள். அந்த வாசற்படியை அவள் மிதித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கதவைத் தட்டினாள்.

"யாரு?" குரல் மெல்லியதாக வந்தது.

"நான்தான்."

"நான்தான்னா?"

"தினமும் காலையில யாரைத் திட்டுவியோ அவ."

"அப்புறம் வா. இப்ப திட்டறதுக்கு நேரமில்ல."

"ஜாடி உன்கிட்டதானே இருக்கு?"

"என்ன ஜாடி? உன் ஜாடியை நான் எதுக்குத் தொடறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

தையல்காரி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பின்னால் சந்து கவனித்துக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினாள். "நான் உள்ள வரல. யார்கிட்டயும் சொல்லல. குடிச்சியா இல்லையான்னு மட்டும் சொல்லு."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு:

"காலையிலயே குடிச்சிட்டேன்."

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு ஆள் நுழையும் அளவுதான் திறந்தது. மேஜைமேல் காபித்தூள் ஜாடி இருந்தது. கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது நாலு விரல் இறங்கியிருந்தது. ரேடியோவின் உதடுகள் வெளுத்திருந்தன. நெற்றியில் வேர்வை.

"வயிறு எரியுதா?"

"வயிறு எரியுதுன்னுதானே குடிச்சேன்! இப்ப எரியுதான்னு கேட்டா எந்த எரிச்சலைச் சொல்றது? மாசக்கணக்கா எரியுது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் எங்க ஒழுங்கா முழுங்கினேன்? உன் கஷாயம் நல்லா கேக்குதுன்னு குழாயடியில பேசிக்கிட்டாங்க."

"வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வரமாட்டேன்."

"என்னது?"

"வெளியில சந்தே நிக்குது. இத்தனை நாள் உன்னைக் கொலைகாரின்னு திட்டிட்டு, இப்ப உன் ஜன்னல்ல வாங்கிக் குடிச்சேன்னு அத்தனை பேரும் பார்க்க உன் பின்னால நான் வரணுமா? செத்தாலும் வரமாட்டேன்."

"அதுக்குத்தான் வழி பண்ணிட்டு உட்கார்ந்திருக்கே!"

"உனக்கென்ன வந்தது?"

தையல்காரிக்கு அவளை அறையலாம் போலிருந்தது. கெஞ்சலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. அவள் தன் வலது கையை நீட்டினாள்.

"சரி. என் கையைப் பிடி."

"எதுக்கு?"

"பிடிச்சு இழுத்துட்டுப் போ. ஊருக்கு விஷம் வச்சவளை ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் இழுத்துட்டுப் போறேன்னு கத்திக்கிட்டே வா. என்ன வேணும்னாலும் திட்டு. உன் வாயில வர்றதையெல்லாம் திட்டு. தெரு முனையில ஆட்டோ ஏறும் வரைக்கும் நீதான் இழுக்கறே, நான்தான் வரேன். போதுமா?"

ரேடியோ அவளை உற்றுப் பார்த்தாள். நம்பாத பார்வை. பிறகு மெதுவாக எழுந்து, தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஐஸ் கட்டிபோல் இருந்தன. தையல்காரி இடது கையால் ஜாடியை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கதவு விரியத் திறந்தது. "வாடி வெளியில!" என்று ரேடியோ ஓடத் தொடங்கியது. "நாலு பேர் உசுரோட விளையாடறியா? நீயும் உன் குப்பைச் செடியும்! நட, ஆஸ்பத்திரியில வந்து என்ன கலந்தேன்னு சொல்லு! கோட்டுக் கையைத்தான் குட்டையா தைச்சே, மனுஷங்க ஆயுசையும் குட்டையாக்கப் பார்க்கறியா?"

கூட்டம் விலகி வழிவிட்டது. "அப்படிப் போடு!" என்றார் ஒருவர். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு இழுபட்டாள். சந்து பார்த்தது அவ்வளவுதான். இழுக்கிற கை பாதி வழியில் இழுப்பதை விட்டுவிட்டுத் தன்மேல் சாயத் தொடங்கியதும், அந்த உடம்பின் பாரம் முழுக்கத் தன் தோளுக்கு வந்ததும், வசைகளுக்கு நடுவே மூச்சு அறுந்து அறுந்து வந்ததும் தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும். "விடாதே, திட்டு. இன்னும் பத்தடிதான்" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். உதடு அசையாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் ரேடியோ நின்றுவிட்டது. கண்கள் மூடியிருந்தன. "ஏய், ஏதாவது பேசு" என்றாள் தையல்காரி. "கை குட்டைதானே? சொல்லு, குட்டைன்னு சொல்லு." ரேடியோவின் தலை அவள் தோளில் சரிந்தது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக ஊர்ந்து போனது. தையல்காரிக்கு அந்த வண்டியைத் தன் இரண்டு கையாலும் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். பதறவில்லை. "என்ன மருந்துன்னு தெரியணும். பேர் தெரியுமா? டப்பா இருக்கா?"

"வந்துட்டே இருக்கு" என்றாள் தையல்காரி. வருமா என்று அவளுக்கே தெரியாது. ரேடியோவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தானாக எடுத்ததா, மருந்தாலா என்று கேட்க ஆளில்லை. வெளிவாசலையும் உள்வாசலையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். ஓரகத்தி களைக்கொல்லிக்காரனைக் கையோடு இழுத்து வந்தபோது அவன் இடுப்பில் கேன் இருந்தது, கணுக்காலில் ரத்தக் கீறல்கள் இருந்தன, சீருடையில் ஊசிகள் அப்படியே இருந்தன.

"டாக்டரம்மா, நான் அடிச்சது இதுதான். சத்தியமா அந்தப் பக்கம் யாரும் வருவாங்கன்னு தெரியாது. அதான் போர்டுகூட வைக்கல."

டாக்டர் கேனைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "எவ்வளவு குடிச்சாங்க?" ஜாடியைக் காட்டினார்கள். "வேற யார் குடிச்சது?"

"வேற யாரும் இல்ல டாக்டர். ரெண்டு பாட்டிலையும் பிடிச்சுட்டேன்."

"அக்கா!" என்றாள் ஓரகத்தி. "நீ ருசி பார்த்தியே!"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அவள் எல்லாரைப் பற்றியும் நினைத்திருந்தாள். கண்டக்டர், இஸ்திரிக்காரர், முகம் தெரியாத ஜாடிக்காரி. முதல் கரண்டி யார் வாய்க்குப் போனது என்பது மட்டும் நினைவில் வரவேயில்லை. சட்டென்று கண் இருட்டி விழப்போனாள். களைக்கொல்லிக்காரன்தான் பிடித்துக்கொண்டான்.

விழித்தபோது கையில் ஊசி ஏறியிருந்தது. வாயில் இல்லை, கையில். மேலே சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் ரேடியோ, அதே மாதிரி ஊசியோடு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். டாக்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றார். உள்ளே போன அளவு குறைவு, வந்ததும் சீக்கிரம், ஆனாலும் நாளைவரை இரண்டு பேரும் நகரக் கூடாது, நாளைக்கு இன்னொரு தரம் ரத்தம் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார். வயிற்றுப் புண்ணுக்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொள்ளும்படி ரேடியோவிடமும், வேலியில் கண்ட செடியைப் பறிக்காதபடி தையல்காரியிடமும் சொல்லிவிட்டுப் போனார்.



"சந்துல சொல்லிடாதே" என்றாள் ரேடியோ.

"என் ஜன்னல் இதுவரைக்கும் யாரைப் பத்தியும் சொன்னதில்ல."

"நான் ஏன் படுத்திருக்கேன்னு கேட்டா?"

"என்னை இழுத்ததுல களைச்சுப் போயிட்டேன்னு சொல்லு."

ரேடியோ சிரித்தது கட்டில் ஆடியதில் தெரிந்தது. பிறகு சொன்னாள்: "இப்பவும் சொல்றேன். கை குட்டைதான்."

"சரியாத்தான் இருந்தது" என்றாள் தையல்காரி. கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் குரல் இருக்கும்வரை பயமில்லை என்று பட்டது.

மறுநாள் ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உயிர் பிழைத்தது. பெயர் பிழைக்கவில்லை. 'எதிர்வீட்டுக்காரி இழுத்துப் போய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தாளாமே' என்பதுதான் சந்தின் கதை. தையல்காரி அதைத் திருத்தவில்லை. ஜன்னல் கட்டையில் பாட்டில் வருவது நின்றது. துணி வருவதும் பாதியாகக் குறைந்தது. இஸ்திரிக்காரரும் கண்டக்டரும் மட்டும் வழக்கம்போல் வந்து போனார்கள்; பாட்டிலோடு அல்ல, கிழிசலோடு. வேலிச் செடிகள் களைக்கொல்லிக்காரன் சொன்னபடியே வேரோடு கருகின. காண்ட்ராக்டர் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்தார், எல்லாம் கருகிய பிறகு. ரேடியோகூடக் காலை நிகழ்ச்சியை நிறுத்திவிட்டாள். ஜன்னலைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், மூடிக்கொண்டு உள்ளே போவாள். வசையைவிட அந்த மௌனம்தான் தையல்காரியை அதிகம் வாட்டியது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் களைக்கொல்லிக்காரன் சீருடையோடு வந்தான். அன்று மடித்த கால் இன்னும் தைக்கப்படவேயில்லை; இத்தனை நாளும் ஊசியோடே மாட்டித் திரிந்திருக்கிறான். "இப்ப அடிக்கறதுக்கு முன்னால சந்து சந்தாப் போய்ச் சொல்லிட்டுத்தான் அடிக்கிறேன்க்கா" என்றான். அவள் ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு அவன் காலடியில் குந்தினாள்.

எதிர்வீட்டுக் கதவு படீரென்று திறந்தது.

"ஏய், தையக்காரி!"

சந்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் செடி ஒண்ணு என் கொல்லையில முளைச்சிருக்குடி! எந்தக் காக்கா போட்டுதோ! எப்பவும் பிடுங்கிப் போட்டுடுவேன். இப்ப பிடுங்கவா, வேணாமா?"

தையல்காரி நிமிர்ந்தாள். வாய் நிறைய ஊசி.

"காது கேக்குதா இல்லையா? என் கொல்லையில எவனும் மருந்தடிக்கல, நான் வேணா எழுதிக் கொடுக்கறேன்! பிடுங்கவா வேணாமா, சீக்கிரம் சொல்லு!" ரேடியோ ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு சந்து முழுக்கக் கேட்கும்படி, முன்னைவிடப் பலமாகச் சொன்னாள்: "எனக்கு வயிறு எரியுது! டாக்டர் மாத்திரையும் முழுங்கறேன், உன் கஷாயமும் வேணும்! போன தடவை குடிச்சதும் நான்தான்!"

ஒருவர் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

தையல்காரி உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவசரப்படவில்லை. கடைசி ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டு எழுந்து, ஜன்னலில் குனியாமல் வாசலுக்கே வந்து நின்றாள்.

"பிடுங்காதே" என்றாள். "பழம் கறுக்கட்டும். நானே வந்து பறிச்சுக்கறேன்."